பனிமான் நாட்டுப் பள்ளிக்கூடம்

2016-ஆம் வருஷத்தில் ஸ்வீடன் தேசத்தில் ஒரு சினிமாப் படம் வெளிவந்தது. 'சாமி ரத்தம்' என்பது அதன் பெயரின் பொருள். தகப்பனார் வழியில் சாமி குலத்தைச் சேர்ந்த அமாந்தா கெர்னெல் என்ற பெண்மணி அதை எழுதி டைரக்டு செய்தார். கதை நடப்பது 1930-களில். மலைப் பிரதேசத்துச் சாமிக் குழந்தைகளுக்கென்று சர்க்கார் நடத்தும் விடுதிப் பள்ளிக்கூடம் ஒன்று. ஒரு நாள் பட்டணத்திலிருந்து ஆராய்ச்சிக்காரர்கள் வந்து அந்தக் குழந்தைகளின் தலையை அளக்கிறார்கள். உடைகளைக் களையச் சொல்லிப் போட்டோ எடுக்கிறார்கள். ஜன்னலுக்கு வெளியே உள்ளூர்ப் பையன்கள் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். பிறகு அந்தப் பையன்களை எதிர்த்துக் கேட்கத் துணிந்த ஒரு பெண்ணை அவர்கள் கீழே தள்ளி அமுக்கி, கத்தியால் அவளுடைய காதை அறுத்து அடையாளம் செய்கிறார்கள்.

காதை அறுப்பானேன் என்று நேயர்கள் கேட்கலாம். சாமி ஜனங்களில் ஒரு பகுதியார் ரெய்ண்டீர் என்னும் பனிமான்களை மேய்த்து ஜீவிக்கிறவர்கள். எந்தக் கன்று எந்தக் குடும்பத்துக்குச் சொந்தம் என்பது தெரிவதற்காகக் கன்றுகளின் காதில் கத்தியால் வெட்டிக் குறி இடுவார்கள். ஒவ்வொருவருக்கும் தனிக் குறி உண்டு. 'உனக்கும் மானுக்கும் வித்தியாசம் இல்லை' என்று அந்தப் பெண்ணிடம் வாய் திறக்காமல் சொல்லிவிட்டார்கள் பையன்கள்.

கதைதானே என்று தள்ளிவிடலாம். ஆனால் கதையில் எது முன்னால் நடக்கிறது, எது பின்னால் நடக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். முதலில் பெரியவர்கள் வந்து தலையை அளந்துவிட்டுப் போகிறார்கள். அப்புறந்தான் பையன்கள் கத்தியை எடுக்கிறார்கள். தலையை அளந்த கூட்டம் கற்பனையல்ல. 1922-இல் உப்சாலா நகரத்தில் ஸ்வீடிஷ் சர்க்காரே இன ஆராய்ச்சிக்கென்று ஒரு நிலையம் ஏற்படுத்தியது.

*

சாமி ஜனங்கள் ஐரோப்பாக் கண்டத்தின் வடகோடியில் வசிக்கிற ஆதிகுடிகள். நார்வே, ஸ்வீடன், பின்லாந்து, ருஷ்யா ஆகிய நான்கு ராஜ்யங்களிலும் அவர்களுடைய பூமி பிரிந்து கிடக்கிறது. எல்லோருமாகச் சேர்ந்து அதற்கு இட்டிருக்கும் பெயர் 'சாப்மி'. பழைய பூகோளப் புத்தகங்களில் 'லாப்பியர்' என்று படித்திருப்போம். அந்தப் பெயரை அவர்கள் இப்போது வசைச்சொல்லாகவே கருதுகிறார்கள், நாமும் விட்டுவிடுவோம். சாமி பாஷை என்பது ஒன்றல்ல, பல பாஷைகளின் குடும்பம். அவர்கள் எல்லோரும் பனிமான் மேய்ப்பவர்கள் என்று நினைப்பதும் தவறு. மேய்ப்பவர்கள் பத்தில் ஒருவர் இருந்தால் அதிகம். கடலோரத்தில் மீன் பிடித்தும் சிறு நிலம் வைத்தும் பிழைத்தவர்களே பலர். இன்று அவர்களில் டாக்டர்களும் உண்டு, வக்கீல்களும் உண்டு. (மேய்ப்பவரைச் சந்திக்க நேர்ந்தால் 'உங்களிடம் எத்தனை மான்கள்?' என்று கேட்டுவிடக் கூடாது. பாங்கியில் எவ்வளவு பணம் இருக்கிறது என்று முதல் சந்திப்பிலேயே கேட்பதற்கு அது சமானம்.)

இந்தச் சாமிக் குழந்தைகள், முக்கியமாகப் பன்னிரண்டு முதல் பதினெட்டு வயது வரையிலுள்ளவர்கள், பள்ளிக்கூடத்தில் சக மாணாக்கர்களிடம் படும் இம்சையைப் பற்றித்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன். 'பள்ளிக்கூடத்துக் கேலி எங்கேதான் இல்லை? நாங்களெல்லாம் படாததா?' என்று சொல்லும் பெரியவர்கள் எல்லா வீட்டுத் திண்ணையிலும் உண்டு. அவர்களுக்குப் பதில் சொல்லக் கூடிய ஒரு மனிதர் நார்வேயிலேயே இருந்தார்.

அவருக்கும் முன்னால் இன்னொருவரைச் சொல்ல வேண்டும். 1969-இல் ஸ்வீடனில் பீட்டர் பால் ஹைனமன் என்ற டாக்டர் ஒரு கட்டுரை எழுதினார். அவர் சுவீகாரம் எடுத்து வளர்த்த பையன் கறுப்பு நிறத்தவன். மற்றக் குழந்தைகள் கூட்டமாகச் சேர்ந்து அவனைத் துரத்தித் துரத்தித் துன்புறுத்துவதைக் கண்டு மனம் நொந்துதான் அவர் பேனாவை எடுத்தார். பறவைகள் ஒன்று கூடித் தனியாய் அகப்பட்ட பிராணியைக் கொத்தித் துரத்துவதற்கு மிருக சாஸ்திரிகள் உபயோகித்து வந்த 'மாப்பிங்' என்ற சொல்லை, குழந்தைகளின் இந்தக் காரியத்துக்கு அவர் வழங்கினார். வடதேசங்களில் அந்தச் சொல் தீப்போல் பரவியது. ஆக, பள்ளிக்கூட இம்சைக்கு அந்த நாடுகளில் பெயர் வைக்கக் காரணமாக இருந்தது, ஒரு குழந்தையின் தோல் நிறம். பிற்காலத்தில் பலரும் இதை மறந்துவிட்டார்கள்.

நான் முன்னே சொன்ன மனிதர் டான் ஓல்வேயஸ். ஸ்வீடனில் பிறந்து, நார்வேயின் பெர்கன் நகரத்தில் பேராசிரியராயிருந்து, 2020-இல் காலமானவர். பள்ளி இம்சையை முதன் முதலில் சாஸ்திர முறையில் ஆராய்ந்தவர் அவரே. கேலிக்கும் இம்சைக்கும் அவர் வரம்பு கட்டினார். துன்பம் செய்ய வேண்டுமென்ற எண்ணம் இருக்க வேண்டும். அது திரும்பத் திரும்ப நடக்க வேண்டும். பட்டவன் திருப்பிக் கொடுக்க முடியாதபடி பலத்தில் ஏற்றத்தாழ்வு இருக்க வேண்டும். இந்த மூன்றும் கூடினால் இம்சை. சம பலமுள்ள இரண்டு பையன்கள் கட்டிப் புரண்டால் அது வெறும் சண்டை. திண்ணைப் பெரியவர்கள் பட்டது பெரும்பாலும் இரண்டாவது வகையாகத்தான் இருக்கும்.

1982-ஆம் வருஷக் கடைசியில் வடக்கு நார்வேயில் பத்து வயதுக்கும் பதினான்கு வயதுக்கும் இடைப்பட்ட மூன்று சிறுவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். சக மாணாக்கர்களின் கொடுமையே காரணமாயிருக்கலாம் என்று தெரிய வந்ததும் தேசமே அதிர்ந்தது. மறு வருஷம் கல்வி மந்திரி காரியாலயம் நாடெங்கும் ஒரு பிரசாரத்தை ஆரம்பித்தது. அதையொட்டி ஓல்வேயஸ் எடுத்த கணக்கில், நார்வேயின் மாணாக்கர்களில் ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவர், படுகிறவராகவோ படுத்துகிறவராகவோ இதில் சம்பந்தப்பட்டிருந்தது தெரிந்தது. பெர்கன் நகரில் 42 பள்ளிகளில், சுமார் 2,500 மாணாக்கர்களை இரண்டரை வருஷம் கவனித்தார்கள். உபாத்தியாயர்கள் விளையாட்டு மைதானத்தில் கண்ணை வைத்தார்கள். வகுப்பில் விதிகள் செய்தார்கள். பெற்றோரை அழைத்துப் பேசினார்கள். தொல்லை பாதிக்குப் பாதி குறைந்தது. உலகமெல்லாம் நார்வேயைப் பார்த்துப் பாடம் படித்தது.

ஓல்வேயஸ் கண்டுபிடித்த இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். மூக்குக் கண்ணாடி, பருத்த சரீரம், சிவந்த தலைமயிர், திக்குவாய் முதலிய வெளி அடையாளங்களால்தான் பிள்ளைகள் இம்சைக்கு ஆளாகிறார்கள் என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். கணக்குப் பார்த்தால் அப்படியில்லை. இம்சைக்கு ஆளானவர்களுக்கும் ஆளாகாதவர்களுக்கும் அந்த அடையாளங்களில் பெரிய வித்தியாசம் தென்படவில்லை. அடையாளம் ஒரு சாக்குத்தான். காரணம் வேறிடத்தில் இருக்கிறது என்றார்.

இதை வைத்துக்கொண்டு, சாமிக் குழந்தையின் குலமும் கண்ணாடியைப் போல் ஒரு சாக்குத்தான் என்று சொல்லிவிடலாமா? முடியாது என்பது என் அபிப்பிராயம். கண்ணாடி போட்டவர்களைத் தாழ்ந்தவர்கள் என்று எந்த ராஜ்யமும் சட்டம் இயற்றியதில்லை. கண்ணாடிக்காரர்களின் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போய்க் கண்ணாடியைக் கழற்றுவதற்கென்று எந்தச் சர்க்காரும் பள்ளிக்கூடம் கட்டியதில்லை. நார்வேயின் சர்க்கார் சாமி பாஷை விஷயத்தில் அதைத்தான் செய்தது.

*

1851-இல் நார்வேயின் பார்லிமெண்டு, வடக்கே நார்வீஜிய பாஷையைப் பரப்புவதற்கென்று ஒரு நிதி ஒதுக்கியது. 1880-இல் வந்த உத்தரவு, ஒவ்வொரு சாமிக் குழந்தையும் நார்வீஜிய மொழியில் பேசவும் படிக்கவும் எழுதவும் கற்றே தீர வேண்டும் என்றது. 1898-இல் இன்னும் கடுமையான சுற்றறிக்கை ஒன்று பிறந்தது. வேறு வழியே இல்லாத இடத்தில்தான் சாமி பாஷையைத் தொடலாம் என்பது அதன் சாரம். 1902-இல் பின்மார்க் ஜில்லாவில் நில விற்பனைக்குச் செய்த விதி எல்லாவற்றையும் தூக்கியடித்தது. நார்வீஜிய மொழி பேசவும் எழுதவும் தெரிந்து, அதையே தினசரி வழங்குகிறவனுக்குத்தான் சர்க்கார் நிலத்தை விற்கலாமாம்! சொந்த மண்ணை விலைக்கு வாங்குவதற்கும் அந்நிய பாஷையில் பரீட்சை. 1905 முதல் அதே ஜில்லாவில் விடுதிப் பள்ளிக்கூடங்கள் எழும்பின.

ஏழு வயதுக் குழந்தையை அப்பள்ளிக்கூடத்தில் கொண்டு போய் விடுவார்கள். வீடு வெகு தூரத்தில். உபாத்தியாயர் பேசுவது ஒரு வார்த்தை புரியாது. தன் பாஷையில் ஒரு வார்த்தை பேசினாலோ தண்டனை. விளையாட்டு நேரத்தில்கூடச் சாமி பேச்சுத் தடுக்கப்பட்டதைப் பலர் முதிர்ந்த வயதில் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட இடத்தில் குழந்தைகளுக்குள் என்ன நடக்கும்? பெரிய பிள்ளை சின்னப் பிள்ளையை அடிக்கும். நார்வீஜிய மொழி சற்றுத் தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளையைப் பரிகசிக்கும். எந்தப் பிள்ளை மட்டம் என்பதைப் பள்ளிக்கூடமே வகுத்துக் கொடுத்துவிட்டதே, பிள்ளைகள் தாமாகக் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது?

1959-இல் வந்த கல்விச் சட்டம் சாமி பாஷையைப் போதனா மொழியாக வைத்துக்கொள்ள மீண்டும் இடங்கொடுத்தது. 1967-இல் ஓரிரண்டு ஊர்களில் குழந்தைகள் தங்கள் தாய்மொழியில் முதல் எழுத்தைப் படித்தார்கள். 1989-இல் சாமி ஜனங்களுக்கென்று தனிப் பார்லிமெண்டு ஏற்பட்டது. ஐந்தாம் ஓலாவ் அரசரே நேரில் வந்து திறந்து வைத்தார். 1997-இல் அவருடைய குமாரர் ஐந்தாம் ஹரால்டு அரசர், சாமி மக்களுக்கு இழைத்த அநீதிக்காக வருத்தம் தெரிவித்தார். உண்மையை விசாரிப்பதற்காக 2018-இல் அமைத்த கமிஷன், நூற்றுக்கணக்கானவர்களின் வாய்மொழியைக் கேட்டு, 2023 ஜூன் முதல் தேதி அறிக்கையைச் சமர்ப்பித்தது. 2024 நவம்பர் 12-ஆம் தேதி நார்வீஜியப் பார்லிமெண்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டது.

சட்டம் மாறிய நாளிலேயே சாப்பாட்டு மேஜையில் பேச்சும் மாறிவிடுமா? விடுதியில் பட்டவர்கள் வளர்ந்து பெற்றோரானார்கள். தாங்கள் பட்டதைத் தங்கள் பிள்ளைகள் படக் கூடாதென்று அவர்களிற் பலர் வீட்டில் சாமி பாஷையையே நிறுத்திவிட்டார்கள். கடலோரக் கிராமங்களில் பாட்டி சாமி பேசுவாள். தாயார் புரிந்துகொள்வாள், பேசமாட்டாள். குழந்தைக்கோ தன் குலமே தெரியாது. அன்பினால் செய்த காரியந்தான் அது. ஆனால் நம்முடையது மறைக்க வேண்டிய விஷயம் என்று குழந்தைக்குப் போதித்ததும் அந்த அன்பே. மறைத்த குடும்பத்துப் பிள்ளைகள், மறைக்காத குடும்பத்துப் பிள்ளையைப் பார்த்து மற்றவர்களோடு சேர்ந்து சிரித்ததும் உண்டு. இதைக் காட்டிலும் மனத்தை உலுக்குகிற விஷயம் எனக்கு இந்தச் சரித்திரத்தில் வேறு தென்படவில்லை.

*

இன்றைய நிலைமை என்ன? நார்வேயின் டிரோம்ஸோ சர்வகலாசாலையார் 2003-04-இல் 'சாமினோர்' என்ற பெரிய ஆராய்ச்சியை நடத்தினார்கள். சாமிகளும் மற்றவர்களும் கலந்து வாழும் ஊர்களில் வயது வந்தவர்களிடம், நீங்கள் இம்சைக்கும் பாகுபாட்டுக்கும் ஆளானது உண்டா, எங்கே, எப்போது என்று விசாரித்தார்கள். 2008-இல் வெளிவந்த முடிவின்படி, மற்ற நார்வீஜியர்களைவிடச் சாமிகள் பல மடங்கு அதிகமாகத் துன்பப்பட்டிருந்தார்கள். தங்களைச் சாமிகளாகவே முழுவதும் எண்ணி வாழ்கிறவர்களுக்குத் துன்பம் இன்னும் அதிகம். அது நிகழ்ந்த இடங்களில் பள்ளிக்கூடம் முக்கியமானது.

எந்தக் குழந்தைக்கு அதிகத் தொல்லை என்பதற்கு முதல் பதில், எந்த ஊர் என்பதே. கவுடோகெயினோ, காரசோக் போன்ற உள்நாட்டு ஊர்களில் சாமிகளே பெரும்பான்மை. அங்கே வகுப்பில் சாமி பாஷை கேட்கும். திருவிழா நாளில் நீலமும் சிவப்புமான 'காக்தி' என்னும் அங்கியை எல்லோரும் அணிவார்கள். யார் யாரைக் கேலி செய்வது? அதே குழந்தை தகப்பனாரின் உத்தியோகம் காரணமாக மேற்படிப்புக்காகவோ வேறு நகரத்துக்குப் போனால், நூறு பேரில் ஒருத்தியாகிவிடுகிறாள். அங்கே காக்தி ஒரு விசித்திர வேஷம். சாமி பாஷைக்குச் சட்டப் பாதுகாப்பு உள்ள பிரதேசத்துக்கு வெளியே வசிப்பவர்களே அதிகமாக இம்சைக்கு ஆளானார்கள் என்பது அந்த ஆராய்ச்சியில் தெளிவாயிற்று.

இரண்டாவது காரணம், பெரியவர்களின் விவகாரம். 2011-இல் டிரோம்ஸோ நகரத்தைச் சாமி பாஷைப் பிரதேசத்தில் சேர்ப்பதா, கூடாதா என்று பலத்த வாக்குவாதம் நடந்தது. தெருப் பலகையில் இரண்டாவது மொழியாக ஒரு வரி எழுதலாமா என்பதற்கே ஊர் இரண்டுபட்டது. 2021 அக்டோபரில் போசன் பகுதியில் காற்றாடி மின்சார நிலையங்கள் பனிமான் மேய்ப்பவர்களின் உரிமையை மீறி நிறுவப்பட்டவை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காற்றாடிகள் சுழன்றுகொண்டேயிருந்தபடியால், 2023 பிப்ரவரியில் சாமி இளைஞர்களும் யுவதிகளும் தலைநகரில் மந்திரி காரியாலயத்தின் உள்ளேயே உட்கார்ந்து சத்தியாக்கிரகம் செய்தார்கள். இம்மாதிரிச் செய்தி பத்திரிகையில் பெரிதாக வரும் நாட்களில் தங்கள்மேல் வசைமொழி கூடுவதாகச் சாமி இளைஞர்கள் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். தகப்பன் காலையில் பத்திரிகையைப் பார்த்து என்ன முணுமுணுக்கிறானோ அதைத்தான் மகன் பத்து மணிக்குப் பள்ளிக்கூடத்தில் உரக்கச் சொல்கிறான். இப்போது கையடக்கமான டெலிபோன் வந்துவிட்டபடியால் பள்ளிக்கூட மணி அடித்த பிறகும் அது நிற்பதில்லை.

ஸ்வீடனில் 18 முதல் 28 வயது வரையுள்ள சாமி இளைஞர்களைப் பற்றி 2011-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், ஏறக்குறையப் பாதிப் பேர் தங்கள் குலம் காரணமாக இழிவாக நடத்தப்பட்டதாகச் சொன்னார்கள். பனிமான் மேய்க்கும் குடும்பத்துப் பிள்ளைகளின் பங்கு இன்னும் பெரிது. மேய்ச்சல் நிலத் தகராறு எங்கே இருக்கிறதோ அங்கே அதன் கூர்முனை வகுப்பறை வரையில் நீள்கிறது.

மூன்றாவதாக ஒரு சங்கடமான விஷயம். இம்சை எப்போதும் வெளியிலிருந்துதான் வருகிறது என்பதில்லை. பாஷையை இழந்த குடும்பத்துப் பிள்ளை தன் வேரைத் தேடிக்கொண்டு வரும்போது, 'சாமி பேசத் தெரியாத நீ என்ன சாமி?' என்று சொந்த ஜனங்களே முகத்தைத் திருப்பிக்கொள்வது உண்டு. பாட்டியின் வாயை அடைத்தது ராஜ்யம். பழி பேத்தியின் தலையில் விழுகிறது.

இதன் பலன் வெறும் கண்ணீரோடு போவதில்லை. பாகுபாட்டுக்கு அடிக்கடி ஆளானவர்களிடம் மனக் கலக்கமும் தேக அசௌக்கியமும் அதிகம் என்று சாமினோர் கணக்கிலேயே தெரிந்தது. வடக்கு நார்வேயில் 1970 முதல் 1998 வரையில் நடந்த மரணங்களை ஆராய்ந்தபோது சாமிகளிடையே, விசேஷமாகப் பதினைந்திலிருந்து இருபத்துநான்கு வயது வரையிலுள்ளவர்களிடையே, தற்கொலை மற்றவர்களைவிடச் சற்று அதிகமாயிருந்தது. அதற்கெல்லாம் பள்ளி இம்சையே காரணம் என்று எழுதினால் அது பொய்யாகும். ஆனால் அதே ஆராய்ச்சியில் வேறொன்றும் வெளிப்பட்டது. காட்டிலும் பனியிலும் அபாயகரமான தொழில் செய்கிற, மேலே சொன்னபடி அதிக ஏச்சும் வாங்குகிற பனிமான் மேய்ப்பவர்களிடையே தற்கொலை கூடுதலாக இருக்கவில்லை!

எதனால் என்று அவரவர் யோசித்துப் பார்க்கலாம். வடக்கு நார்வேயில் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளை விசாரித்த டாக்டர்கள் 2010-இல் வெளியிட்ட விவரம் ஒன்று இதற்கு வெளிச்சம் தருகிறது. பாகுபாட்டை உணர்ந்த பிள்ளைகளுக்குக் கவலையும் சோர்வும் அதிகம். தன் குலத்தைப் பற்றிப் பெருமிதம் உள்ள பிள்ளைகளுக்கு அவை குறைவு. மேய்ப்பவரின் மகனுக்குத் தான் யார் என்பதில் சந்தேகம் இல்லை. பன்னிரண்டு வயதிலேயே அவனுக்குச் சொந்தக் காதுக்குறி உண்டு. குடும்பத்தில் அவனுக்கென்று வேலை உண்டு. வசந்த காலத்தில் மாமன், சித்தப்பா எல்லோருடனும் அவன் மந்தைக்குப் பின்னால் போகிறான். ஏச்சு அவன்மேல் விழுகிறது, ஆனால் உள்ளே போக வழியில்லை. குலத்தை மறைத்து வளர்த்த கடலோரப் பிள்ளைக்கோ அந்தக் கவசம் கிடையாது.

2017 ஆகஸ்டு முதல் நார்வேயில் அமலுக்கு வந்த சட்டப்படி, இம்சை நடப்பதாகச் சந்தேகம் தோன்றினாலே உபாத்தியாயர் தலைமை உபாத்தியாயரிடம் தெரிவித்தாக வேண்டும்; பள்ளிக்கூடம் செய்யத் தவறினால் மாணாக்கரே மேலிடத்துக்குப் போகலாம். நல்ல சட்டம். ஆனால் 'அவன் விளையாட்டுக்குச் சொன்னான், லாப்பன் என்று சொன்னால் என்ன?' என்று தானே நினைக்கிற உபாத்தியாயருக்குச் சந்தேகம் எப்படித் தோன்றும்? உபாத்தியாயரும் சாமிகளைப் பற்றிப் பாடப் புத்தகத்தில் இரண்டு பக்கம் படித்துவிட்டு வந்தவர்தானே!

இதற்கு ஒரு சின்ன யுக்தி 2004 முதல் நடந்துவருகிறது. 'வழிகாட்டிகள்' என்று பெயர். பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட சாமி இளைஞர்கள் சிலர், ஆண்டுதோறும் தங்கள் படிப்பை ஒரு வருஷம் ஒத்தி வைத்துவிட்டு, நார்வே முழுவதும் மேல்நிலைப் பள்ளிக்கூடங்களுக்குப் பிரயாணம் செய்கிறார்கள். காக்தி அணிந்து வகுப்பின் முன்னால் நின்று, 'எதை வேண்டுமானாலும் கேளுங்கள்' என்கிறார்கள். கூடாரத்திலா வசிக்கிறீர்கள், வீட்டில் மான் இருக்கிறதா, வரி கட்டுகிறீர்களா என்றெல்லாம் தங்கள் வயதொத்த பிள்ளைகளே கேட்கும் கேள்விகளுக்குச் சிரித்துக்கொண்டே பதில் சொல்கிறார்கள். காலையில் ஓர் ஊர், மத்தியானம் வேறோர் ஊர், அதே கேள்விகள்.

அந்த வகுப்பின் கடைசி வரிசையில், ஒன்றும் கேட்காமல், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருக்கக் கூடும். அவளுடைய பாட்டி எந்த பாஷையில் தாலாட்டுப் பாடினாள் என்பது அந்த வகுப்பில் அவளைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.